கொட்டாத முடி

சேதராப்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள். ஒருத்தியின் தோளில் அவள் கணவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"இவருக்கு முடி ஒண்ணுகூட கொட்டலக்கா. அதான் பயமா இருக்கு."

"கொட்டலன்னா நல்லதுதானே?" என்றாள் முக்காடு போட்டிருந்தவள்.

"கீமோ ஏத்துனா கொட்டணும் இல்ல? வாந்தியும் இல்ல. மருந்து வேல செய்யலையோன்னு, வாந்தி நிக்கக் குடுத்த மாத்திரைய நான் குடுக்காம வச்சிட்டேன். நேத்து ராத்திரி பூரா வாந்தி. அப்பறந்தான் எனக்கு நிம்மதியாச்சி."

"டாக்டர கேட்டியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னாரு. நம்மள சமாதானப்படுத்தச் சொல்றாருன்னு நெனச்சேன்."

மற்றவள் முக்காட்டை விலக்கினாள். தலையில் ஒரு முடிகூட இல்லை.

"எனக்கு எல்லாம் கொட்டிடுச்சி. தண்ணி குடிச்சாலும் வாந்திதான். இன்னிக்கி ஸ்கேன் பாத்தாங்க. கட்டி கொறையவே இல்லியாம். வேற மருந்து மாத்தணுமாம்."

பஸ் திருப்பத்தில் குலுங்கியது. தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த கணவர், கண்ணைத் திறக்காமலே மனைவியிடம் கையை நீட்டினார்.

"அந்த மாத்திரையக் குடு."