மனுவுல பதினோரு பேரு

— அந்த ரிப்போர்ட்ட மடிச்சி உள்ள வையிக்கா. வெள்ளிக்கெயம கலெக்டராண்ட மனு குடுக்குற வரைக்கும் அது யாரு கண்லயும் படக்கூடாது.

— நீ படிச்சியா அன்பு?

— இங்கிலீசுல கீது. பொகையில வரலன்னு எயுதிகீதுன்னு மட்டும் காதுல வியுந்துது. நீயே சொல்லு.

— கேளு. ஆப்ரேசன்ல என் கர்ப்பப்பைய எடுத்தாங்கள்ல, அந்தக் கட்டியில ஒரு துண்ட பாம்பேக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணாங்க. ரத்தத்தையும் பாத்தாங்க. இந்தப் புத்துநோயி வர்ற கோளாறு நம்ம அம்மாகிட்டேந்து வந்துதாம். பொறக்கும்போதே ஒடம்புல இருந்துதாம்.

— இது போதும் கம்பெனிக்காரனுக்கு. 'எங்க பொகையில ஒண்ணும் வரல, ஆத்தாகிட்டேந்து வந்துது'ம்பான். மனுவுல மொத பேரே வேம்பு, உன்னுதுதான். எண்ணூர் பொம்பளைங்க பதினோரு பேருக்கும் கர்ப்பப்பையிலதான் கோளாறு. உன்னுது பொய்யின்னு ஆச்சின்னா அத்தினி பேரும் பேஜாருக்கா.

— அம்மா ரத்தம் போயே செத்துது. அப்போ இந்தக் கம்பெனியே கட்டலியேடி.

— அத்த அப்பால பாத்துக்கலாம்.

— நானும் அப்பால அப்பாலன்னுதான் ஒரு வருசம் ஓட்டினேன். நின்னுபோன தீட்டு திரும்பப் பட்டுது. சூடுன்னு மோர குடிச்சிகினு கெடந்தேன். பட்ட ஒடனே வந்திருந்தா நூத்துக்கு தொண்ணூறு பேரு பொயச்சிக்குவாங்கன்னு டாக்டரம்மா சொல்லுது. எனக்கு ஈரல் வரைக்கும் போயிட்ச்சி. இப்போ நூத்துக்கு இருவதுதானாம். பயமா கீது அன்பு.

— அந்த இருவதுல நீ ஒருத்திக்கா.

— இருந்தா இருக்கேன். பெத்த பொண்ணையும் கூடப் பொறந்தவளையும் டெஸ்டுக்குக் கூட்டியாரச் சொல்லிச்சி. நாளைக்கி மகிழினி வரா. நீயும் வா.

— வெள்ளிக்கெயம முடியட்டும்.

— உனக்கு மனுதான் பெருசாப் பூட்ச்சா? சரி, இதச் சொல்லு. என்னத் தவுர ஒம்போது பேரு வூட்டுக்கும் நான் போயி குந்திட்டு வந்திருக்கேன். பதினொண்ணாவதுல பேரு போடாம வெறும் கோடு இஸ்துவெச்சிகீற. யாரு அது?

— ஒருத்தி. வூட்ல யாருக்கும் தெரியக்கூடாதுன்னா.

— ஆஸ்பத்திரிக்குப் போனாளா?

— இல்ல. பொகைதான், மனு குடுத்தா கம்பெனியே வைத்தியம் பாக்கும்னு இருந்துட்டா.

— அவளுக்கு எம்மா நாளா படுதாம்?

— ஒரு வருசமா.

— பாவி. இம்மா நாளா வாயத் தொறக்காம இருந்தாளா? நாளைக்கி அவளையும் எங்கூட அனுப்பு. அவ ஆத்தாளுக்கு இன்னா வந்துதுன்னு கேட்டு வையி, டாக்டரம்மா மொதல்ல அத்தத்தான் கேக்கும்.

— கேக்க வேணாங்க்கா. அவளுக்கும் நம்ம அம்மாதான்.