மூச்சு விடும் வாளி

ஈஸ்ட் ஹாமில் ரயில் ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் இளையவர் சொன்னார்: "அண்ணை, போன மாசம் அந்தக் குளிருக்குள்ள அது மூச்சு விடுறதை நிப்பாட்டிப் போட்டுது."

நான் பேப்பரைத் தாழ்த்தினேன்.

"எது?" என்று கேட்டார் மூத்தவர்.

"என்ர பியர் வாளிதான். வீட்டிலேயே பியர் போட்டனான் எல்லே. அது புளிக்கேக்க மூடியில இருக்கிற குழாயால குளுக் குளுக் எண்டு காத்து வரவேணும். ஒரு சத்தமும் இல்லை."

"உன்ர மனுசிக்குச் சந்தோசமா இருந்திருக்குமே?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். 'இந்த நாத்தத்துக்குள்ள இருக்க ஏலாது, தூக்கி எறியுங்கோ' எண்டு முதல் நாளே சொன்னவ. சரி, ஊத்திவிடுவம் எண்டு வேலையால வாறன், வாளியைக் காணேல்லை."

"ஊத்திப் போட்டாவோ?"

"இல்லை அண்ணை. படுக்கையறையில, ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சு, தன்ர கம்பளிச் சால்வையைச் சுத்தி விட்டிருக்கிறா. வாளியோட காதை வைச்சுக்கொண்டு இருக்கிறா. என்னைக் கண்டதும், 'சத்தம் போடாதேங்கோ, இப்பத்தான் தொடங்குது' எண்டா."

மூத்தவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து இருக்கை வெள்ளைக்காரப் பெண்மணியும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

"பியர் எப்பிடி வந்தது?"

"சொல்லி வேலையில்லை, அவ்வளவு ருசி."

பிளேஸ்டோவில் இறங்க எழுந்தார்கள். "அப்ப சனிக்கிழமை வாறன், எனக்கும் ஒரு போத்தல் எடுத்து வை."

இளையவர் தயங்கினார். "அவவைக் கேக்கவேணும் அண்ணை. வாற ஆக்களுக்குக் கடைப் பியரை வாங்கிக் குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டா."