மூஞ்சி எரியாத நாள்

மரக்காணம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு உப்பளத் தொழிலாளிகள். ஒருவர் பாக்ஸிங் சாம்பியன். நேற்று அனுமந்தையில் ஜெயித்தவராம்.

"இன்னிக்கு மூஞ்சி எரியவே இல்லடா," என்றார்.

"ஜெயிச்சவனுக்கு ஏம்பா எரியணும்?" என்றார் கூட்டாளி.

"எப்ப சண்ட போட்டாலும், மறுநாள் உப்பளத்துல காயத்துல உப்பு பட்டு உயிர் போவும். இன்னிக்கு ஒரு கீறல் இல்ல. எங்கூட மோதுன அந்தப் பையன் என் மூஞ்சில அடிக்கவே இல்ல."

"இந்த மூஞ்சில இன்னும் கெடுக்க என்ன இருக்குன்னு விட்டிருப்பான்."

சாம்பியன் சிரிக்கவில்லை. "அவன் கை என் மூஞ்சி வரைக்கும் வந்து நின்னுடுச்சுடா. பாவம் பாத்துட்டான். என் காலம் முடிஞ்சுதுன்னு அவனுக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கு."

கூட்டாளி அவர் மடியிலிருந்த பையைத் தடவிப் பார்த்தார்.

"கப்பு எங்க?"

"அவன் வீட்டு வாசல்ல வெச்சிட்டு வந்துட்டேன்."