ஏழு முறை திரும்பிய படகுக் கோப்பு

தேசியப் பூங்கா அலுவலகத்தின் அனுமதிப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வீற்றிருந்து, இன்று மாலை ஐந்து மணிக்குப் பணி நிறைவு பெறும் எங்கள் கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கு, உடன் பணிபுரிவோர் மனமுவந்தும் மனம் நொந்தும் வாசித்தளிக்கும் மடல்.

விதி வழுவா வித்தகரே! கோப்புகளைக் கோட்டையெனக் காத்த கொற்றவரே!

பூங்காவுக்குள் கூடாரம் போடவோ, தேநீர்க் கடை வைக்கவோ, படகு விடவோ விரும்பிய எவரும் உங்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பலர் தாண்டவே இல்லை. வந்தவர் வாங்கித் தந்த தேநீரைக்கூட நீங்கள் தொட்டதில்லை. உங்கள் கை சுத்தமான கை. தணிக்கையில் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் எதிலும் படாத கை.

ஒரு விண்ணப்பத்தில் நான்கு குறை இருந்தாலும் முதல் குறையை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பும் நடைமுறையை இப்பிரிவுக்கு அருளியவர் நீங்கள். அதன்படி, ஏரியில் துடுப்புப் படகு விட்டுப் பயணிகளுக்குப் பறவைகளைக் காட்ட அனுமதி கேட்ட படகோட்டி ஒருவரை ஐந்து ஆண்டுகளில் ஏழு முறை திருப்பினோம். வரைபடத்தில் வடக்குத் திசை இல்லை என்றோம். குறித்து வந்தார். மிதவை அங்கிகளின் எண்ணிக்கை இல்லை என்றோம். எழுதி வந்தார். அதற்குள் முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பித்து வருவதற்குள் காப்பீடு முடிந்துபோனது. எஞ்சினே இல்லாத படகுக்குப் புகைச் சான்று கேட்டதும் நாம்தான்.

"ஐயா, என்னென்ன வேணும்னு ஒரே தடவையில சொல்லிடுங்க, மொத்தமா கொண்டு வந்துடறேன்" என்று அவர் நின்றபோது, நீங்கள் தலை நிமிராமல் சொன்னீர்கள்: "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. மத்ததை அப்புறம் பாப்போம்."

அந்த ஏழு கடிதங்களையும் தட்டச்சு செய்தவர்கள் நாங்கள். அடுத்த குறை எதுவென்று தெரிந்தும் வாய் திறக்காமல் உறையை ஒட்டினோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் இப்போதெல்லாம் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். வாரம் ஒருநாள் போய்ப் படகைத் துடைத்து வைக்கிறார்.

போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் அவரை அழைத்து, வேண்டியதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். நான்கே நாளில் கொண்டு வந்துவிட்டார். மூன்று பேர் மூன்று முறை பார்த்துவிட்டோம், ஒரு குறையும் இல்லை. இப்பருவத்துக்கு அனுமதி வழங்கக் கடைசி நாள் இன்று. நீங்கள் கையெழுத்திடாமல் எழுந்துவிட்டால், புதிய அலுவலரிடம் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பு உங்கள் பூங்கொத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். கைதட்ட வந்தவர் அல்லர்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க, ஐயா. அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்றுங்கள், நன்றாக உறங்குங்கள்.

இப்போது மணி நாலரை. இம்மடலில் நாங்கள் பதினொரு பேரும் கையெழுத்திட்டிருக்கிறோம். பயந்துகொண்டேதான் போட்டோம், ஆனாலும் போட்டுவிட்டோம். இனி உங்கள் முறை.

இப்படிக்கு,
அனுமதிப் பிரிவு ஊழியர்கள்