நாப்பத்தொண்ணாவது அட்டை

இல்ல சார், அந்த அட்டைக் கட்ட ரப்பர் பேண்டோட அப்படியே வச்சுக்கோங்க. பிரிச்சா கலந்துடும். நீலம் பத்து, வெள்ளை முப்பத்தொண்ணு. பழைய காலண்டர் அட்டையில நானே வெட்டினது. நீலம் நைட்ரஜன், வெள்ளை ஹைட்ரஜன். பிள்ளைங்க நாப்பத்தொரு பேரு, ஆளுக்கு ஒண்ணு.

உக்காருங்களேன். அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. இந்த லேப்ல எல்லாமே கொஞ்சம் ஆடும், என்னையும் சேர்த்து.

பிசிக்ஸ் ஆளு தலையில கெமிஸ்ட்ரி மோல் கணக்கக் கட்டுறோமேன்னு ஹெச்.எம்.முக்கே சங்கடம்தான். நான்தான் சார் கேட்டு வாங்கினேன் இந்த மாத்தத்த. உங்க பி செக்‌ஷன் எனக்கு, என் ஏ செக்‌ஷன் உங்களுக்கு. காரணமா? ஒரு பொண்ணு. இருபத்தாறு நாளா ஸ்கூலுக்கு வரல. நான் அந்த வகுப்புல இருந்தா வரமாட்டாளாம், இல்லேன்னா திங்கக்கிழமைலேருந்து வர்றாளாம். துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கா. நீங்க வந்து பத்து நாள்தான ஆகுது, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

அவளப் பத்தி சொல்றேன், முதல்ல பாடத்த முடிச்சுடுவோம். மணியடிக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

போர்டுல சமன்பாட்ட எழுதிடுங்க. ஒரு நைட்ரஜன், மூணு ஹைட்ரஜன், ரெண்டு அம்மோனியா. எழுதின கையோட கணக்குக்குப் போயிடாதீங்க, போனா செத்தோம். பசங்க கிராம் எடையப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவாங்க. இருபத்தெட்டு கிராம் நைட்ரஜன், ஆறு கிராம் ஹைட்ரஜன், எது முதல்ல தீரும்னு கேட்டுப் பாருங்க. மொத்த வகுப்பும் ஹைட்ரஜன்னு கத்தும், ஆறு கிராம்தான இருக்குன்னு. ரெண்டும் ஒண்ணாத்தான் சார் தீரும். எடைய விடுங்கடா, எத்தனை மோல்னு எண்ணிப் பாருங்கடான்னு பத்தொன்பது வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன். வாயால சொன்னா மண்டையில ஏறாது. அதுக்குத்தான் இந்த அட்டை.

நீங்க விசில் ஊதினதும் ஒவ்வொரு நீலமும் மூணு வெள்ளையப் பிடிச்சு நிறுத்தணும். பெஞ்சயெல்லாம் முன்னாடியே நகத்தி வச்சுடுங்க, போன வருஷம் ஒருத்தன் முட்டியப் பேத்துக்கிட்டான். ஒரு நிமிஷத்துல பத்து குரூப் நின்னுடும். ஒரே ஒரு வெள்ளை மட்டும் சேர இடமில்லாம நிக்கும். அதுதான் சார் பாடமே. எது தீந்துச்சு, நீலம். எது மிஞ்சுச்சு, ஒரு வெள்ளை. புத்தகத்துல ரெண்டு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கான், இதுல பட்டுன்னு புரிஞ்சிடும்.

ஒரே சிக்கல், மிஞ்சுற பிள்ளை. முன்னாடியெல்லாம் யாரு மிஞ்சினாலும் சரின்னு விட்டுடுவேன். ஒரு பையன் அழுதுட்டான். அவங்க அம்மா நேரா ஹெச்.எம். ரூமுக்குப் போயி, எம் புள்ளைய மட்டும் எப்படி ஒதுக்கலாம்னு ஒரே சண்டை. அதுக்கப்புறம் நானே ஆளச் சொல்லிட ஆரம்பிச்சேன். விசில் ஊதுறதுக்கு முன்னாடியே, நீ சுவரோரமா நின்னுக்கோம்மான்னு. அந்தப் பொண்ணத்தான். அவ வீட்லேருந்து யாரும் சண்டைக்கு வரமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல சார். சமன்பாட்ட மாத்தி மாத்தி ரெண்டு வருஷத்துல பதினோரு தடவ. லேப்லயும் அதே கதைதான். மேசைக்கு நாலு பேரு, பத்து மேசை. இவ என் மேசை பக்கத்துல நின்னு நோட்டுல எழுதிக்குவா. டெஸ்ட் ட்யூப கையில தொட்டதே ரெண்டோ மூணோ தடவைதான். பரீட்சையில மோல்னு யூனிட் போட மறந்தா மத்தவங்களுக்கு விட்டுடுவேன், இவளுக்கு அரை மார்க் வெட்டுவேன். அவ ஒண்ணும் தப்புப் பண்ணல சார். நல்லா படிக்கிற பொண்ணு. யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு இருந்தேன், அப்படியே பழகிப்போச்சு.

கடைசியா நடத்தினப்ப வழக்கமா கேக்குறத கேட்டேன். மிஞ்சின ஹைட்ரஜனுக்கு என்ன ஆச்சுன்னு. வகுப்பு வாயத் திறக்கறதுக்குள்ள இவ சொன்னா, ஒண்ணும் ஆகல மிஸ், இங்க ரியாக்‌ஷன் நடந்ததே அதுக்குத் தெரியாதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சார். பதில் சரியான பதில்தான, வெரி குட்னு வேற சொன்னேன். மறுநாள் அவ வரல.

நடுவுல ஒரு நாள் நடத்திப் பார்த்தேன். நாப்பது பேருன்னா கணக்கு கச்சிதமா வந்துடுது. பத்து நீலம், முப்பது வெள்ளை, யாரும் மிஞ்சல. விசில வாயில வச்சுக்கிட்டு நின்னேன். என்ன கேக்குறதுன்னு தெரியல, உக்காருங்கன்னுட்டேன்.

அய்யோ, நான் நல்லாத்தான் சார் இருக்கேன். சாப்பிடுறேன், தூங்குறேன், பேப்பர் திருத்துறேன். பல் பிடுங்க ஊசி போட்டா கன்னம் நம்மளுது இல்லாத மாதிரி இருக்குமில்ல, அப்படி இருக்கு. அழுகை வந்தா தேவலை. வரமாட்டேங்குது.

இந்தாங்க, இதையும் வாங்கிக்கோங்க. ரொம்ப நாள் வராத பிள்ளை திரும்ப வந்தா ஆபீஸ்ல கேக்குற ஃபார்ம். இனி ஏ செக்‌ஷன் ஃபைல் உங்ககிட்டதான இருக்கும். இடது பக்கம் வகுப்பாசிரியர் கையெழுத்து, வலது பக்கம் பெத்தவங்க கையெழுத்து. ஆமா சார், சரியாத்தான் பார்க்குறீங்க. ரெண்டும் ஒரே கையெழுத்துதான். என் பொண்ணு.

ஒரே வீட்லதான் இருக்கோம். நான் கிளம்புறப்ப அவ ரூம் கதவு சாத்தியிருக்கும், திரும்பி வர்றப்பவும் சாத்தியிருக்கும். வீட்லயும் என்னை மிஸ்னுதான் கூப்பிடுவா. அது கோவத்துல இல்ல, நான் பழக்கினது. ஸ்கூல்ல வாய் தவறி அம்மான்னு வந்துடக் கூடாதேன்னு ஒன்பதாவதுல சேர்ந்தப்பவே பழக்கிட்டேன்.

திங்கக்கிழமை மறுபடியும் நாப்பத்தொண்ணு ஆயிடும், ஒருத்தர் மிஞ்சித்தான் ஆகணும். ஒரு பிள்ளை கையில விசிலக் குடுத்துட்டு, அந்த வெள்ளை அட்டைய வாங்கிக்கிட்டு நீங்களே சுவரோரமா நின்னுக்கோங்க. நானே நின்னிருக்கலாம் சார். இத்தனை வருஷத்துல தோணல, போன வாரம் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தப்ப தோணுச்சு.

அவ எந்த குரூப்ல நின்னா, கூட யாரு நின்னாங்கன்னு மட்டும் சாயங்காலம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வீட்ல கேட்டா சொல்லமாட்டா.