ரங்கராஜன் சாரின் லாகின்

மாலை ஏழரை மணி. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் சந்து. ஆள் நடமாட்டமே இல்லை... சாதிம் என்கிற ஏழிலைப்பாலைப் பூவின் வாசனை மட்டும், மூச்சு முட்டும்படி.

கிட்ட வாருங்கள், இதை உரக்கச் சொல்ல மாட்டேன்.

அந்த வழியாகத்தான் ரஞ்சனா வீட்டுக்கு வந்தாள். என் தோழி விஜயாவின் நாத்தனார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஐந்து வருட உழைப்பு. மறுநாள் காலைக்குள் ஆய்வேட்டை அனுப்பாவிட்டால் பதிவே ரத்து. ஒரு பழைய கட்டுரையைப் பார்க்காமல் கடைசி அத்தியாயம் முடியாது.

வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. நூலகத்தின் இணையதளத்தில் தேடினாள். கட்டுரை இருந்தது. ஆனால் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் திறக்குமாம்.

அதற்கு மாணவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான். 'சார் லாகின்'. வழிகாட்டி ரங்கராஜன் தன் கடவுச்சொல்லை அவர்களிடமே கொடுத்து வைத்திருந்தார். துர்கா பூஜைக்கு முன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கணக்கை யாரும் நீக்கவில்லை.

போட்டாள்.

'இந்தக் கணக்கு வேறொரு கணினியில் திறந்திருக்கிறது. அங்கே மூடவா?'

கூடப் படிக்கும் சந்தீப்பாக இருக்கும் என்று போன் செய்தாள்.

"டேய், சார் லாகின்ல நீதானே? வெளிய வா."

"நான் சாந்த்ராகாச்சியில ரயிலுக்கு நிக்கறேன் தீதி. லேப்டாப்பே கொண்டு வரல. சாரே உட்கார்ந்து படிக்கறாரோ என்னமோ!"

"உன் வாயக் கழுவு. நேரங்கெட்ட நேரத்துல..."

போனை வைத்தாள். 'ஆம்' அழுத்தினாள்.

கீழே சந்தில்... டப். லேப்டாப் மூடியை அறைந்து சாத்தும் சத்தம்.

கட்டுரை பாதி இறங்கி நின்றது. அவளை வெளியே தள்ளிவிட்டு, மறுபடி அதே கேள்வி. அழுத்தினாள்.

டப். இந்த முறை மாடிப்படியில்.

அறைக்குள் ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் மருந்து வாசனை.

மூன்றாவது முறையும் கேள்வி வந்தது. விட்டுவிடலாம்தான்... ஐந்து வருடத்தையுமா?

அழுத்தினாள்.

சத்தமே இல்லை. கட்டுரை முழுதாக இறங்கியது. விடிவதற்குள் அத்தியாயத்தை முடித்து ஆய்வேட்டை அனுப்பிவிட்டாள். பெருமூச்சு விட்டு லேப்டாப்பை மூடப் போனாள்.

மூடவில்லை.

குனிந்து பார்த்தாள். விரல் கனத்துக்கு ஓர் இடைவெளி. நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். உள்ளே ஏதோ... மெத்தென்று அமுங்கியது.

பிறகு அது, உள்ளேயிருந்து, மூடியை மெல்ல மேலே தள்ளியது.