இடப்பக்க ஜாயிண்ட்

ஸ்டீயரிங் லேசாக இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். பதினோரு வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கனமாக இருந்தால்தான் சண்டைக்கு வருவார்கள்.

ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். சும்மா திருத்துங்கள் என்றால் திருத்த மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் வேலையை முதலிலிருந்து சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி என் அக்கா வீட்டுக்காரருடையது. மாமா என்றே சொல்கிறேன், அப்படிக் கூப்பிட்டுத்தான் பழக்கம். மலை உச்சியில் இருக்கும் செல்போன் டவருக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிப்போவது அவர் தொழில். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, பின்னால் திறந்த தொட்டி. பாதை என்பது பேருக்குத்தான், எல்லாம் பாறை. பழைய ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு தோளும் வேண்டும். அக்கா ஒருமுறை ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதத் திருப்புறதுக்கு உங்க மாமா மனசத் திருப்பிடலாம்டா" என்று இறங்கிவிட்டாள்.

மாமா என்னைப் 'பாதி' என்று கூப்பிடுவார். கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். அப்புறம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை, அதையும் எட்டாவது மாதம் விட்டேன். அப்போது வைத்த பெயர். பட்டறையை நான் விடவில்லை, பெயரை அவர் விடவில்லை. வாடிக்கையாளர்கள் நிற்கும்போதுதான் குரல் உயரும். "டேய் பாதி, முழு வண்டியக் குடுக்கறேன். முழுசாத் திருப்பிக் குடு." இன்னொரு நாள், "இவன் செத்தாக்கூடப் பாருங்க, பாதியிலயே எந்திரிச்சு வந்துடுவான்." எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பயத்தில் சிரிக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கேலி பேசியதற்காக ஒருவன் இப்படிச் செய்வானா என்று நீங்கள் நினைக்கலாம். செய்ய மாட்டான். நான் அக்காவுக்காகச் செய்தேன். அந்த ஆள் இல்லாவிட்டால் அவள் நிம்மதியாக இருப்பாள் என்று பட்டது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

வேலை ஒன்பது நாள் பிடித்தது. புது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினேன். ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டியின் எடை முழுக்கச் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் இறுக்கினேன். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துபோகும். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இறுக்குகிறார்கள். பழைய ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு பவர் ஸ்டீயரிங் வைத்தேன். வண்டி உயர்ந்ததில் சக்கரத்தைத் திருப்பும் கம்பி சாய்ந்து நின்றது. அதற்கும் வேறு இரும்புக் கை பொருத்தி நேராக்கினேன். அதிலெல்லாம் குறை இல்லை என்று உங்கள் நிபுணரே எழுதியிருக்கிறார்.

அந்தக் கம்பி சக்கரத்தோடு சேரும் இடத்தில் ஒரு ஜாயிண்ட் உண்டு. கிண்ணத்துக்குள் குண்டு உட்கார்ந்திருக்கும். வலப்பக்கம் புதிது போட்டேன். இடப்பக்கம் பழையதையே துடைத்து, புது ரப்பர் உறை மாட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். கிண்ணம் தேய்ந்து குண்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தது. மலை இறக்கத்தில் சக்கரம் குழியில் தொங்கும் ஏதோ ஒரு நாள் அது வெளியே வந்துவிடும்.

தேய்ந்த ஜாயிண்ட் சொல்லாமல் கொள்ளாமல் கழலாது. பல நாள் முன்பே ஸ்டீயரிங் நடுங்கும், கை உதறும். எப்பேர்ப்பட்ட முட்டாளும் வண்டியை நிறுத்திக் கீழே குனிந்து பார்ப்பான். அதனால் ஒரு டேம்பரும் போட்டேன். படுக்கவைத்த சின்ன ஷாக் அப்சார்பர் மாதிரி இருக்கும், சக்கரத்தின் உதறலைக் கைக்கு வரவிடாமல் விழுங்கும். கடையில் இருந்ததிலேயே கெட்டியானதாகப் பார்த்து எடுத்தேன். வண்டியின் வாயைப் பொத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கினார். "ஒத்த விரல்ல திரும்புதேடா" என்றார்.

வண்டியைக் கொடுத்த பன்னிரண்டாம் நாள் மத்தியானம் அது பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து அக்கா இறங்கினாள். கையில் எனக்குச் சாப்பாட்டு டப்பா.

"யாரு ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டேன்.

"ஏன், எனக்குக் கை இல்லையா? பஞ்சு மாதிரி திரும்புதுடா. இனிமே மேல் கிளினிக்குக்கு மருந்தெல்லாம் நானே கொண்டு போயிடுவேன். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு வண்டி வேணாமாம்." அவள் கீழே இருக்கும் மருத்துவமனையில் மருந்தாளுநர். அதுவரை மேலே போக மாமாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

"மாமா என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு. பாதி இந்தத் தடவ முக்கால் ஆயிட்டான்னாரு." சிரித்தாள். "நான் விடுவேனா? என் தம்பி கை வெச்சா அதுல குறை இருக்காதுன்னு சொல்லிட்டேன். என்னடா முழிக்கிற? நல்லாத்தான் ஓட்டறேன்."

புது இடப்பக்க ஜாயிண்ட் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. இரண்டும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தேன். மாற்ற ஒரு மணி நேரம் போதும். வண்டியை விட்டுவிட்டுப் போ அக்கா என்று சொன்னால் போதும். சொல்லியிருந்தால் சாயங்காலம் அவர் வந்திருப்பார். பட்டறையில் நாலு பேர் நின்றிருப்பார்கள். கொடுத்த வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னானா, முக்கால் மறுபடி பாதியாகிவிட்டானா என்று கேட்டிருப்பார். அது எனக்கு அப்படியே காதில் விழுந்தது.

"பாத்துப் போக்கா" என்றேன். நான் எச்சரிக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான்கு முறை மேலே போய்வந்தாள். போகும்போதெல்லாம் பட்டறை வாசலில் ஹாரன் அடிப்பாள், நானும் கை காட்டுவேன். ஐந்தாம் முறை, மருந்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, மூன்றாவது வளைவில் சக்கரம் ஒரு பக்கம் போனது, ஸ்டீயரிங் ஒரு பக்கம் போனது. கீழே எவ்வளவு ஆழம் என்று நீங்கள் அளந்து எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று மாமா பட்டறைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து உங்கள் அறிக்கையைப் பிரித்தார். எனக்காக விரலை வைத்துப் படித்தார்.

"கவனக்குறைவுன்னு போட்டிருக்கான்டா. ஒரு பக்கம் மாத்தியிருக்க, இன்னொரு பக்கம் மறந்துட்டியாம்."

நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"விடு. வேணும்னா செய்வ? அவளுக்கு நீ தம்பி மட்டுமா, புள்ள மாதிரி. எனக்கு இவன் மேல புகார் எதுவும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேன்." எழுந்து என் தோளில் கை வைத்தார். "நீ என்னடா பண்ணுவ. உனக்கு எதுலயும் பாதிதான் கவனம்."

அவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

இதோ அந்தப் புது ஜாயிண்ட். பெட்டியைப் பிரிக்கவில்லை. வாங்கிய தேதியைப் பாருங்கள், நான் வேலை தொடங்கிய அதே நாள். நான் எதையும் மறக்கவில்லை. இடப்பக்கம் எது, தேய்ந்தது எது என்று தெரிந்தேதான் பூட்டினேன். அக்கா ஓட்டுகிறாள் என்று தெரிந்த பிறகும் தெரிந்தேதான் விட்டேன். அதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கே போடுகிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அக்கா என் வேலையைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சொல் அப்படியே இருந்தால் அவளுக்கு மனசு கஷ்டப்படும்.